தமிழில் கதைப்பதால்தான் காசு தங்கவில்லையா?

கேள்வி:

ஐயா, எனக்கு 36 வயது. சுன்னாகத்தில் இருக்கிறோம். நான் ரவுனில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறேன். கணவர் சொந்தமாக ஓட்டோ ஓடுகிறார். அதற்கு லீசிங் மாதம் 18,500 ரூபாய், இன்னும் 11 தவணை இருக்கிறது. ஒரு மகன், 9 வயது. ஜேர்மனியில் இருக்கும் அண்ணா போன கிழமை ஒரு வீடியோ அனுப்பினார். எதிர்காலத்துக்கென்று தனி வினை வடிவம் உள்ள மொழிகளைப் பேசுகிறவர்கள் குறைவாகச் சேமிக்கிறார்களாம், ஜேர்மன் மொழி பேசுகிறவர்கள் கூடச் சேமிக்கிறார்களாம். "அதுதான் உங்களிட்டைக் காசு நிக்குதில்லை" என்று பகிடியாக எழுதியிருந்தார். பகிடி என்றாலும் எனக்கு மனதில் தைத்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் "வாற மாசம் கட்டாயம் சேர்க்கத் தொடங்குவம்" என்கிறோம். சம்பளம் 25ஆம் திகதி வரும், 10ஆம் திகதிக்கு முன்னமே முடிந்துவிடும். பக்கத்து வீட்டு அக்கா பிடிக்கிற பத்தாயிரம் ரூபாய்ச் சீட்டை மட்டும் 20 மாதமாக ஒருநாளும் பிந்தாமல் கட்டி வருகிறேன். அதைச் சேமிப்பு என்று சொல்ல முடியாதுதானே. மகனும் எங்களைப் போலவே வந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. அவனுடைய உண்டியலில் இருந்து 4,000 ரூபாயைக் கணவர் வான் காசுக்கு எடுத்துவிட்டு "பிறகு வைக்கிறன்" என்றார். இன்னும் வைக்கவில்லை. மொழியில் உண்மையாகவே இப்படி ஒன்று இருக்கிறதா? வீட்டில் நாங்கள் கதைக்கும் விதத்தை மாற்றினால் பயன் உண்டா?

பெயர் வேண்டாம், சுன்னாகம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அண்ணாவுக்கு ஒரு பதில் அனுப்பிவிடுங்கள்: பிழை தமிழில் இல்லை. ஆனால் நீங்கள் கதைக்கும் விதத்தில் மாற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது. இரண்டும் வேறு வேறு விஷயம். வீடியோக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

அந்த வீடியோவில் சொன்னதை யாரோ சும்மா கட்டிவிட்ட கதை என்று நினைக்க வேண்டாம். கீத் சென் என்ற பொருளியலாளர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது செய்த ஆய்வு அது. 2012 இல் 'டெட்' என்ற பிரபல உரை மேடையில் பேசினார், 2013 இல் பொருளியல் துறையின் முன்னணி இதழ் ஒன்றில் வெளியிட்டார். அவர் சொன்னது இதுதான். ஜேர்மன்காரர் நாளைய மழையைப் பற்றி "மோர்கன் ரெக்னெட் எஸ்" என்பார். "நாளை மழை பெய்கிறது" என்று நிகழ்காலத்திலேயே சொல்கிற மாதிரி. ஆங்கிலக்காரர் எதிர்காலச் சொல் ஒன்றைச் சேர்த்தே ஆகவேண்டும். ஒவ்வொரு முறையும் நாளையை இன்றிலிருந்து பிரித்துப் பேசப் பழகியவருக்கு நாளை என்பது தூரத்து ஊர்போல ஆகிவிடும், தூரத்தில் இருக்கும் ஒன்றுக்காக இன்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க மனம் வராது என்பது அவருடைய ஊகம்.

ஊகத்தோடு அவர் நிற்கவில்லை. சுவிற்சர்லாந்து, பெல்ஜியம், மலேசியா, சிங்கப்பூர், எதியோப்பியா என்று பல மொழி பேசும் நாடுகளை எடுத்து, ஒரே நாட்டில், ஒரே அளவு வருமானம், படிப்பு, குடும்ப அமைப்பு, மதம் உள்ளவர்களை மொழியால் மட்டும் பிரித்துப் பார்த்தார். எதிர்காலத்தைத் தனியாகக் குறிக்கத் தேவையில்லாத மொழிகளைப் பேசுகிறவர்கள் ஒரு வருடத்தில் சேமிக்கும் வாய்ப்பு 31 வீதம் அதிகம், ஓய்வு பெறும்போது கையில் இருக்கும் சொத்து 39 வீதம் அதிகம், புகைபிடிக்கும் வாய்ப்பு 24 வீதம் குறைவு என்று வந்தது. சின்ன வித்தியாசம் இல்லை. உலகம் முழுக்க அந்தப் பேச்சு பரவியதில் ஆச்சரியமும் இல்லை.

இன்னொரு ஆய்வும் அவர் பக்கம் நின்றது. இத்தாலியின் வடக்கே மெரானோ என்று ஒரு சிறு நகரம், அங்கே பாதிப் பேர் ஜேர்மன், பாதிப் பேர் இத்தாலியன் பேசுகிறார்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளிடம் இன்றைக்குக் கொஞ்சம் வேண்டுமா, பொறுத்திருந்து கூட வேண்டுமா என்று கேட்டார்கள். பொறுத்திருக்கச் சம்மதித்தவர்கள் ஜேர்மன் பேசும் பிள்ளைகளில் 16 வீதப் புள்ளி அதிகம். மகனை நினைத்து உங்களுக்குப் பயம் வந்தால் அதற்கு இந்த ஆய்வு தீனி போடும். அதனால்தான் மறு பக்கத்தையும் உடனே சொல்கிறேன்.

மொழிகள் தனித்தனியே வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஜேர்மன், டச்சு, சுவீடிஷ், நோர்வீஜியன் எல்லாம் ஒரே குடும்பத்துச் சகோதரங்கள். அவற்றைப் பேசுகிறவர்கள் பக்கத்துப் பக்கத்து நாடுகளில், ஏறக்குறைய ஒரே மாதிரி வரலாறோடு வாழ்கிறார்கள். சகோதரங்கள் நாலு பேர் ஒரே சாட்சியைச் சொன்னால் நீதவான் அதை நாலு சாட்சி என்று எடுக்கமாட்டார். ஷோன் றொபேட்ஸ், ஜேம்ஸ் வின்டர்ஸ் என்ற இரண்டு மொழியியலாளர்கள் இதைத்தான் பிடித்தார்கள். நாடுகளைப் பொதுப்படையாக ஒப்பிட்டால் எதை எதோடும் கட்டிவிடலாம் என்று காட்ட, மொழி வகைகள் கூடிய நாடுகளில் வீதி விபத்தும் கூட என்று 2013 இல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். மொழி கூடினால் லொறி மோதும் என்று யாரும் நம்பமாட்டார்கள்தானே. பிறகு 2015 இல், சென் அவர்களையும் சேர்த்துக்கொண்டு, மூவருமாகவே அவருடைய தரவை மறுபடி எடுத்து, மொழிக் குடும்ப உறவைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். மொழிக்கும் சேமிப்புக்கும் இருந்த தொடர்பு நன்றாகவே தளர்ந்துபோனது. தன் பெயரையே உயர்த்திய முடிவைச் சோதிக்கத் தானும் கூட உட்கார்ந்தார் என்பதற்காகவே அந்த மனிதரில் எனக்கு மரியாதை.

சீன மொழியில் எதிர்காலச் சொல்லைப் போடவும் செய்யலாம், விடவும் செய்யலாம். அதை வைத்து ஒரே மொழியிலேயே இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்த சோதனை ஒன்று 2019 இல் வந்தது. பொறுமையில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே தீர்ப்பு வழங்கப்படவில்லை, ஆனால் தமிழைக் கூண்டில் ஏற்றும் அளவுக்குச் சாட்சி போதாது.

தமிழை அந்தத் தராசில் எந்தத் தட்டில் போடுவது என்பதே லேசான காரியம் இல்லை. "நாளைக்கு மழை பெய்யும்" என்போம், சரி. ஆனால் "நாளைக்குக் கொழும்புக்குப் போறன்", "வாற கிழமை கலியாணம் வருது" என்று நிகழ்காலத்திலும் தாராளமாகச் சொல்கிறோம். அதோடு நம்முடைய எதிர்கால வினை எதிர்காலத்துக்கு மட்டும் உழைப்பதில்லை. செத்துப் பத்து வருடமான தகப்பனாரைப் பற்றி "அப்பா விடிய நாலு மணிக்குத் தோட்டம் இறைக்கப் போவார்" என்று சொல்கிறோம். அங்கே "போவார்" என்பது தினமும் தவறாமல் செய்த பழக்கம். நடக்கப்போவதையும் நாளாந்தப் பழக்கத்தையும் ஒரே வடிவத்தில் சொல்லும் மொழியைப் பேசுகிறவருக்கு நாளை தூரமா, கிட்டவா? சென்னின் தர்க்கத்தை வைத்தே நான் எதிர்ப்பக்கம் வாதாடலாம். வாதாடப் போவதில்லை. இலக்கணத்தைப் பார்த்து வங்கிக் கணக்கைச் சொல்வது சாத்திரக்காரர் வேலை.

இன்னொன்றையும் யோசியுங்கள். எதிர்காலம் பேசத் தெரியாத சனமா நாங்கள்? சீதனம் சேர்ப்பது பிள்ளை பிறந்த அன்றே தொடங்கும். அடுத்த போகத்துக்கான விதை வெங்காயத்தைப் பிடி கட்டித் தூக்கிவிட்டுத்தான் மிச்சத்தை விற்பார்கள். ஒடியலும் பனாட்டும் மாரிக்கென்று கோடையிலேயே தயாராகும். "வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிற கதை" என்று நாங்கள் நக்கலடிப்பதும் உண்மைதான், பதினைந்து இருபது வருடம் காத்திருக்க யாருக்குப் பொறுமை என்று. ஆனாலும் வேலிக்கரையில் பனங்கொட்டை போட்டவர்களும் இதே மொழியைத்தான் பேசினார்கள்.

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வருவோம். நீங்கள் ஓரமாகச் சொல்லிவிட்டுப் போன ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. சேமிக்கத் தெரியாது என்று எழுதிய அதே கடிதத்தில், 20 மாதமாகப் பத்தாயிரம் ரூபாய்ச் சீட்டை ஒருநாளும் பிந்தாமல் கட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு லட்சம் ரூபாய் அம்மா! அதைச் சேமிப்பு இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? பொறுமை இல்லாத பெண் அதைச் செய்திருக்க முடியாது. சீட்டைக் கட்டும் நீங்களும், வங்கியில் போடாமல் தள்ளிப்போடும் நீங்களும் ஒரே தமிழைத்தான் பேசுகிறீர்கள்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? சீட்டைப் பற்றி வீட்டில் எப்படிக் கதைக்கிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள். "ஐந்தாந் திகதி அக்காவிட்டைப் பத்து குடுக்கவேணும்." நாள் இருக்கிறது, தொகை இருக்கிறது, ஆள் இருக்கிறது. பிந்தினால் தாச்சி, அதாவது சீட்டுப் பிடிக்கிற அக்கா, படலையடியில் வந்து நிற்பார். வங்கிச் சேமிப்பைப் பற்றியோ, "வாற மாசம் கட்டாயம் சேர்க்கத் தொடங்குவம்." அதில் எந்த நாள்? எவ்வளவு? எங்கே? வாற மாதம் வந்தாலும் அந்த வசனம் அப்படியே செல்லுபடியாகும், அதற்கடுத்த மாதமும் செல்லுபடியாகும். ஒருநாளும் பொய்யாகாத வாக்குறுதி அது, அதனால்தான் ஒருநாளும் நிறைவேறுவதும் இல்லை.

மொழி பொறுமையைத் தொடும் இடம் இதுதான், இதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. 2005 இல் டானியல் றீட் என்பவரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வில், காத்திருந்தால் கூடக் கிடைக்கும் ஒரு தொகையை இரண்டு விதமாகச் சொன்னார்கள். சிலருக்கு "இத்தனை மாதம் கழித்து" என்று, சிலருக்கு அந்த நாளின் திகதியைச் சொல்லி. காலம் ஒன்றுதான். திகதி சொல்லப்பட்டவர்கள் கூடப் பொறுமை காட்டினார்கள். "எட்டு மாதம் கழித்து" என்றதும் மனம் காத்திருப்பதை அளக்கத் தொடங்குகிறது, திகதி சொன்னால் அந்த நாளைப் பார்க்கிறது. 2015 இல் நீல் லூயிஸ், டஃப்னா ஓய்சர்மன் இருவரும் இன்னொரு விதமாகச் செய்தார்கள். ஓய்வு 30 வருடத்தில் வரும் என்று சிலரிடமும், 10,950 நாளில் வரும் என்று சிலரிடமும் சொல்லி, எப்போது சேமிக்கத் தொடங்குவீர்கள் என்று கேட்டார்கள். நாட்களில் கேட்டவர்கள் நாலு மடங்கு முன்கூட்டியே தொடங்கத் திட்டமிட்டார்கள். வினைச்சொல்லில் ஒன்றும் மாறவில்லை, அலகுதான் மாறியது.

எங்கள் ஊர்க்காரருக்கு இது புது விஷயமும் இல்லை. கொடுத்தே ஆகவேண்டிய கடனுக்கு யாரும் "பிறகு" என்று தவணை கேட்பதில்லை. "நல்லூர்க் கொடியேறமுன்னம்", "தைப்பொங்கலுக்கு", "வெங்காயம் கிண்டின கையோட" என்றுதான் கேட்பார்கள். கடைக்காரரும் கொப்பியில் அப்படியே எழுதுவார். மனமில்லாத காரியத்துக்குத்தான் "பாப்பம்".

ஆகவே வீட்டில் ஒரு மாற்றம் செய்யுங்கள், மூன்று மாதத்துக்கு மட்டும். காசு பற்றிய எந்தப் பேச்சிலும் "பிறகு", "வாற மாசம்", "கொஞ்சம் கொஞ்சமா" என்பவற்றை விட்டுவிடுங்கள். "26ஆம் திகதி, 5,000, மகன்ரை படிப்புக் கணக்கு" என்று சொல்லுங்கள். வசனம் முழுமையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஏன் 26 என்றால், 25ஆம் திகதி பின்னேரம் ஆஸ்பத்திரி வீதி ஏ.டி.எம்.களில் நிற்கும் வரிசையை நீங்களே பார்த்திருப்பீர்கள். காசு வெளியே வந்து கைப்பைக்குள் போகமுன் அது வேறு கணக்குக்குப் போயிருக்க வேண்டும். வங்கியில் ஸ்டாண்டிங் ஓர்டர் ஒன்று எழுதிக் கொடுத்தால் மாதாமாதம் தானாகப் போகும். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்கு 12 வீதமும் போய்க்கொண்டிருக்கிறது. அதற்காக ஒருநாளாவது மனதோடு மல்லுக்கட்டினீர்களா? கைக்கு வராத காசை யாரும் செலவழிப்பதில்லை. (சம்பளத் துண்டில் அது கழிக்கப்படுவதோடு நிறுத்தாமல், உங்கள் பெயரில் உண்மையில் கட்டப்படுகிறதா என்று வருடாந்தக் கூற்றையும் பாருங்கள். இதைப் பார்க்காமல் இருந்துவிட்டு ஐம்பது வயதில் ஓடித்திரிந்தவர்களை எனக்குத் தெரியும்.)

5,000 என்றது உதாரணத்துக்கு. மகனுக்கு 18 வயதாக 9 வருடம், சுமார் 3,285 நாள். மாதம் 5,000 படி 8 வீத வட்டியில் போட்டால் முடிவில் ஏறக்குறைய 7 லட்சத்து 87 ஆயிரம் வரும். ஒரு வருடம் பிந்தித் தொடங்கினால் 6 லட்சத்து 69 ஆயிரம். கட்டாமல் விட்டது 60,000, குறைந்தது ஒரு லட்சத்துப் 18 ஆயிரம். வட்டி வீதம் ஏறும், இறங்கும், கணக்கின் வடிவம் மாறாது. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். உங்கள் வருட வருமானம் 18 லட்சத்துக்குள் என்றால் வங்கியில் ஒரு பிரகடனப் படிவம் நிரப்பிக் கொடுத்து அதை நிறுத்தலாம். கேட்டால் தருவார்கள், கேட்காதவருக்குப் பொதுவாக யாரும் தேடி வந்து தருவதில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு உங்கள் அம்மாவோ மாமியோ ஒரு கேள்வி கேட்பார்கள்: சேர்த்தவை எல்லாம் என்னத்தைக் கண்டவை? அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கமாட்டேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு போரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களோடு கூட வந்தது மடியில் கட்டிய நகையும் ஒரு பையும்தான். பரணில் இருந்த நெல்லும், வீடு கட்டவென்று வாங்கிவைத்த சீமெந்தும் வரவில்லை. 2022 இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது, அந்த வருடம் செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் 69.8 வீதம். ஒற்றை இலக்க வட்டிக்கு நிலையான வைப்பில் போட்டுப் பொறுமையாக இருந்தவருக்குத் தண்டனை, கடன் வாங்கிச் சாமான் வாங்கிப் போட்டவருக்குப் பரிசு. இந்த மண்ணில் ஒருவர் "இண்டைக்கு இருக்கிறதை இண்டைக்கே பார்" என்றால் அது இலக்கணத்தால் வந்ததல்ல, பட்டறிவால் வந்தது. பொறுமை என்று நாங்கள் சொல்வதில் பெரும் பங்கு நம்பிக்கை.

இதைக் காட்டும் ஆய்வு ஒன்றை உங்கள் மகனுக்காகவே சொல்கிறேன். பிள்ளை முன்னால் ஒரு இனிப்பை வைத்து, கொஞ்ச நேரம் சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவோம் என்று சொல்லும் பழைய சோதனை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் கூட்டாளிகளும் அதில் ஒரு சின்ன மாற்றம் செய்து 2013 இல் வெளியிட்டார்கள். இனிப்பைத் தருமுன், பிள்ளைக்குப் படம் கீறப் பழைய வண்ணக்குச்சிகளைக் கொடுத்து, "பொறு, நல்லதாகக் கொண்டுவாறன்" என்று பெரியவர் வெளியே போனார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடியே கொண்டுவந்தார். மற்றப் பாதிக்கு வெறுங்கையோடு வந்து "மன்னிக்கவேணும், இல்லை" என்றார். பிறகுதான் இனிப்புச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். எல்லாப் பிள்ளைகளும் பேசியது ஒரே மொழி.

இப்போது அந்த 4,000 ரூபாய். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது லீசிங் இல்லை, இதுதான். கணவரில் குறை சொல்ல நான் வரவில்லை. வான்காரர் வாசலில் நிற்கும்போது உண்டியல்தான் கண்ணில் படும். ஆனால் மகன் அங்கே படித்த பாடம், சேர்த்து வைத்தால் அப்பா எடுப்பார், "பிறகு" என்றால் வராது. அடுத்த முறை அவன் கையில் நூறு ரூபாய் கிடைத்தால் உண்டியலில் போடாமல் கன்ரீனில் கொடுப்பான். அது அவனளவில் சரியான கணக்கு. ஆகவே இந்த மாதச் சேமிப்பை 4,000 ரூபாயிலிருந்து தொடங்குங்கள். கணவரே தன் கையால், மகன் பார்க்க, திகதி சொல்லித் திருப்பி வைக்கட்டும். ஒரேயடியாக முடியாவிட்டால் நாலு கிழமைக்கு ஆயிரம் ஆயிரமாக, ஒவ்வொரு ஞாயிறும். சொன்ன ஞாயிறு தவறக்கூடாது. ஓட்டோவுக்கு ஒரு பெரிய ஓட்டம் கிடைத்தால் ஒரேயடியாக வைத்துவிடலாம் என்று அவர் சொல்வார். வேண்டாம், நாலு முறை வாக்குக் காப்பாற்றப்படுவதைப் பிள்ளை பார்ப்பதுதான் லாபம்.

உண்டியல் நிறைந்ததும் அவன் பெயரில் சிறுவர் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். பொதுவாக 18 வயதுவரை பெற்றோர் நினைத்தபடி எடுக்க முடியாது. படிப்பு, வைத்தியம் போன்ற காரணம் காட்டினால்தான் வங்கி யோசிக்கும். அதைக் குறையாகப் பார்க்கவேண்டாம். பிலிப்பைன்ஸில் ஒரு கிராமிய வங்கியோடு சேர்ந்து, இலக்கு எட்டும்வரை எடுக்கவே முடியாத கணக்கைச் சிலருக்கு மட்டும் வழங்கிப் பார்த்த ஆய்வு 2006 இல் வெளிவந்தது. ஒரு வருடத்தில் அவர்களுடைய சராசரிச் சேமிப்பு, அந்தக் கணக்கு வழங்கப்படாதவர்களைவிட 81 வீதப் புள்ளி கூடுதலாக வளர்ந்திருந்தது. பூட்டின் பெறுமதி அது.

சீட்டைப் பற்றி: விடவேண்டாம், ஆனால் கூட்டவும் வேண்டாம். சீட்டு எழுத்தில் இல்லாத நம்பிக்கையில் ஓடுவது. தாச்சிக்கு ஒரு வைத்தியச் செலவு வந்தாலும் ஆட்டம் காணும். இந்தச் சுற்று முடிந்ததும் எடுக்கும் காசை அன்றே வங்கிக்குக் கொண்டுபோங்கள். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கி அல்லது நிதிக் கம்பனிதானா என்று பார்த்துப் போடுங்கள். அனுமதி பெற்ற இடமென்றால் வைப்புக் காப்புறுதியில் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 லட்சம் ரூபாய்வரை பாதுகாப்பு உண்டு. மாதம் ஐந்து வீதம் தருகிறோம் என்று வருகிறவர்களின் எதிர்காலம் எந்த மொழியிலும் நல்லதல்ல.

விலைவாசிப் பயத்துக்காகக் கொஞ்சம் பவுணாக வைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் கன்னாதிட்டி நகைக்கடையில் செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கும் அட்டியல், விற்கப் போகும்போது பவுண் விலைக்கு மட்டுமே போகும். சேமிப்புக்கென்றால் சங்கிலி, வளையல் என்று யோசிக்காமல் பவுண் காசாக வாங்குங்கள். போடத்தான் ஆசை என்றால் அதை நகைச் செலவு என்றே சொல்லுங்கள், சேமிப்பு என்று பெயர் வைக்கவேண்டாம்.

கடைசியாக அந்த லீசிங். 11 தவணை முடிகிற மாதம் உங்கள் வீட்டில் 18,500 ரூபாய் சும்மா நிற்கும். சும்மா நிற்கும் காசு ஒரு மாதம்கூடத் தங்காது, புதுப் போனோ பெரிய ரீவியோ வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. 2017 இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற றிச்சட் தேலரும், ஷ்லோமோ பெனார்ட்சியும் ஒரு கம்பனித் தொழிலாளர்களிடம் "இப்போது சேமியுங்கள்" என்று கேட்கவில்லை. "அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று கேட்டார்கள். நாளையைப் பற்றித் தாராளமாக வாக்குக் கொடுப்பது மனித சுபாவம். அந்தப் பலவீனத்தையே பிடித்துப் பயன்படுத்தினார்கள். 40 மாதத்தில் அவர்களுடைய சேமிப்பு, சம்பளத்தில் 3.5 வீதத்திலிருந்து 13.6 வீதத்துக்கு ஏறியது. 2004 இல் வெளியான ஆய்வு அது.

நீங்களும் அப்படியே செய்யலாம். கடைசித் தவணைத் திகதியை லீசிங் பத்திரத்தில் பாருங்கள். அதற்கு அடுத்த மாதம் 26ஆம் திகதி முதல் 10,000 ரூபாய் போகும்படி, தொடங்கும் திகதியைப் போட்டு, இந்தக் கிழமையே இரண்டாவது ஸ்டாண்டிங் ஓர்டரைக் கொடுத்துவிடுங்கள். மிச்சம் 8,500 இல் ஓட்டோவின் ரயர், சேர்விஸ் செலவுக்கு ஒரு பங்கை ஒதுக்கச் சொல்லிக் கணவரிடம் கேளுங்கள், லீசிங் முடிகிற வயதில்தான் வாகனமும் செலவு கேட்கத் தொடங்கும். லீசிங் முடிந்த கையோடு, வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருந்து கம்பனியின் உரித்தை நீக்குவதற்கான கடிதத்தை மறக்காமல் வாங்கிவிடுங்கள்.